சில்லு வரைவுகளின் வாணிகம்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் சாலையிலுள்ள பலராமபுரத்தில், கைத்தறித் துணியை விரித்துக் காட்டி விற்பர். திருவனந்தபுரத்துச் சி-டாக் நிறுவனம் இயற்றிய ‘வேகா’ நுண்செயலி போன்ற சில்லு வரைவுகளோ வேறு வகைப் பண்டமாகும். ஒருமுறை வரைந்ததைப் பல சில்லுகளில் பயன்படுத்தலாம். ஆயின், முழுதும் காட்டினால் பிறர் படியெடுப்பர். மறைத்தால் வாங்குவோர் நம்பார்.

ஆதலின், இணையப் பட்டியல்களில் வரைவின் இயல்புகளே பெரும்பாலும் தரப்படுகின்றன. மூல வரைவு ஒப்பந்தத்திற்குப் பின்னரே கிட்டும். 1990இல் தோன்றிய ஆர்ம் நிறுவனம் உரிமக் கட்டணத்துடன், விற்பனையாகும் சில்லுதோறும் சிறு தொகையும் பெறுகின்றது. சென்னை ஐ.ஐ.டி.யோ தனது ‘சக்தி’ செயலியின் மூல வரைவையே இணையத்தில் வெளியிட்டுள்ளது.

வேகா, சக்தி இரண்டிற்கும் அடிப்படை, 2010இல் பெர்க்லியில் தொடங்கிய ‘ரிஸ்க்-வி’ என்னும் கட்டணமற்ற கட்டளைத் தொகுதியாகும். ஆராய்ந்தபின் ஏற்கும் இவ்வாய்ப்பு, பொருள்வளம் குறைந்த நிறுவனங்களுக்குப் பெருந்துணையாம்.