ஒன்பது புதிய மாணாக்கர்

பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் சோதித்துப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். பட்டப் பெயர் சூட்டுவார்கள்; புத்தகத்தை ஒளித்து வைப்பார்கள்; பெஞ்சியில் இடமில்லை என்பார்கள். பொறுத்துக் கொண்டால் பயந்தாங்கொள்ளி. திருப்பிக் கொடுத்தாலோ போக்கிரி. "நீ பேசாமல் இரு, அவர்களே ஓய்ந்து விடுவார்கள்" என்பதுதான் உபாத்தியாயர்களாகிய நாம் வழக்கமாய்ச் சொல்லும் புத்திமதி. நமக்கென்ன, சொல்லிவிட்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் போய் விடுகிறோம்! அதைக் கடைப்பிடிப்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை அமெரிக்காவில் ஒன்பது பிள்ளைகள் அநுபவித்து அறிந்தார்கள்.

அர்க்கன்ஸாஸ் மாகாணத்தின் தலைநகர் லிட்டில் ராக். வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்துக் குழந்தைகளுக்கு வேறொரு பள்ளி என்னும் முறை அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று 1954-ம் ஆண்டில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதை அநுசரித்து 1957 செப்டம்பரில் அவ்வூர் ஸென்ட்ரல் ஹைஸ்கூலில், ஏறக்குறைய 1,900 வெள்ளை மாணாக்கர் நடுவே, ஒன்பது கறுப்பு மாணாக்கர் சேர இருந்தார்கள்.

செப்டம்பர் 4-ந் தேதி எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து போவதென்று ஏற்பாடு. ஆனால் எலிஸபெத் எக்ஃபோர்டு என்னும் பதினைந்து வயதுப் பெண்ணின் வீட்டில் டெலிபோன் இல்லை, செய்தி எட்டவில்லை. தானே தைத்த புது உடையை அணிந்து கொண்டு தன்னந்தனியே வந்தாள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு வழிவிட்ட கவர்னருடைய சிப்பாய்கள் அவளைக் கண்டதும் துப்பாக்கியை உயர்த்தி மறித்தார்கள். பின்னால் ஒரு கூட்டம் வசைமாரி பொழிந்தது. அவள் ஓடவுமில்லை, பதில் பேசவுமில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக் கொண்டு பஸ் நிற்கும் இடம் வரையில் நடந்து போய், பெஞ்சியில் உட்கார்ந்தாள். அன்றைய புகைப்படம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளியாயிற்று.

கடைசியில் ஜனாதிபதி ஐஸனோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியதாயிற்று. ஒன்பது குழந்தைகள் படிக்கப் போவதற்கு ஒரு பட்டாளம்! செப்டம்பர் 25-ந் தேதி அவர்கள் முன் வாசல் வழியாகவே பள்ளிக்குள் நுழைந்தார்கள்.

கூட்டம் கலைந்தது, உண்மையான சோதனை அப்புறந்தான் ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிப்பாய் காவல் என்றாலும், வகுப்பறைக்குள்ளும் உடை மாற்றும் அறைக்குள்ளும் சிப்பாய் வரமாட்டான். படிக்கட்டில் தள்ளுவார்கள், குதிகாலை மிதிப்பார்கள், எச்சில் உமிழ்வார்கள். மெல்பா பட்டில்லோ என்ற பெண்ணின் கண்ணில் திராவகத்தையே வீசினார்கள். கூட வந்த சிப்பாய் உடனே தண்ணீரால் கழுவியிராவிட்டால் பார்வை போயிருக்கும். எது நேர்ந்தாலும் திருப்பி அடிக்கக் கூடாதென்பது அந்த ஒன்பது பேருக்கும் இடப்பட்டிருந்த கட்டளை. காரணம் விளங்குகிறது. ஒருவர் கை ஓங்கினாலும், "பார்த்தீர்களா, இவர்களைச் சேர்த்ததன் பலனை!" என்று சொல்ல ஊரே காத்திருந்தது.

மின்னிஜீன் பிரவுன் உயரமான பெண், நன்றாகப் பாடுவாள், மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவள். டிசம்பர் 17-ந் தேதி பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் தட்டை ஏந்திக் கொண்டு போனபோது, பையன்கள் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளி அவள் வழியை மறித்தார்கள். தட்டு சாய்ந்தது, கிண்ணத்திலிருந்த குழம்பு இருவர் தலையில் அபிஷேகமாயிற்று. ஒரு கணம் அந்த மண்டபமே ஸ்தம்பித்துப் போயிற்று. பிறகு அங்கே பரிமாறிக் கொண்டிருந்த கறுப்பினத்து ஊழியர்கள் கை தட்டினார்கள்!

பள்ளியார் அவளைச் சில நாள் விலக்கி வைத்தார்கள். 1958 பிப்ரவரியில், கைப்பையால் தன்னைத் தாக்கிய பெண்ணை நோக்கி ஒரு கடுஞ்சொல் சொன்னதற்காக அடியோடு நீக்கினார்கள். 'ஒன்று போயிற்று, எட்டு பாக்கி' என்று அச்சடித்த சீட்டுகள் பள்ளியில் உலாவின. குழம்பு கொட்டியது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. நாற்காலிகள் நகர்ந்தது மாத்திரம் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை போலும். பள்ளிக்கூட நியாயம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கடைசியாகச் சத்தம் போட்ட பிள்ளைக்கே பிரம்படி விழும்; முதலில் கிள்ளியவன் சமர்த்தாகப் புத்தகத்தைப் பார்த்துக் கொண்டிருப்பான். மின்னிஜீன் பொறுத்திருந்தால் காரியத்துக்கு நல்லதென்று சொல்வோர் உண்டு. மூன்று மாதம் பொறுத்தவளைப் பார்த்து அப்படிச் சொல்ல நமக்கு நா எழவில்லை. அவள் நியூயார்க்குக்குப் போய் வேறொரு பள்ளியில் படித்துத் தேறினாள். பிற்காலத்தில் அமெரிக்க ஸர்க்காரில் உயர்ந்த பதவியும் வகித்தாள்.

மற்ற எட்டுப் பேரும் அந்த ஆண்டை முடித்தார்கள். அவர்களில் மேல் வகுப்பில் இருந்தவன் எர்னஸ்ட் கிரீன் ஒருவனே. 1958 மே மாதம் பட்டயம் வழங்கியபோது அவன் பெயருக்கு மாத்திரம் கரகோஷம் இல்லை. அவன் குடும்பத்தாரோடு சபையில் அமர்ந்திருந்தவர் மார்ட்டின் லூதர் கிங்.

அடுத்த ஆண்டு கவர்னர் அவ்வூர் ஹைஸ்கூல்களையே மூடி விட்டார். 1959-ல் மறுபடியும் திறந்ததும் திரும்பி வந்தவர்களில் ஒருத்தி கார்லாட்டா வால்ஸ். ஒன்பது பேரிலும் வயதில் இளையவள். முதல் நாள் வந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. 1960 பிப்ரவரியில் ஓர் இரவு அவள் வீட்டில் வெடிகுண்டு வைத்தார்கள். நல்ல வேளையாக ஒருவருக்கும் காயமில்லை. மறுநாள் காலையில் அவள் புத்தகங்களை எடுத்துக் கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.