சக்கரம் ஏன் சாய்ந்தது?

நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்துள்ள வளையமாதேவிப் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் போனால், சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலையை நோக்கி டிராக்டர்கள் செல்வதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் பின்னாலும் கரும்பு மலைபோல் ஏற்றிய டிரெய்லர். இத்தனை பாரத்தையும் தாங்குவது எது? சக்கரம் என்பீர்கள். சக்கரத்தைத் தாங்குவது? அதுதான் அச்சு.

மாணவர்களே, அச்சு என்றால் ஏதோ ஓர் இரும்புத் தடி என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பல வகை உண்டு. தவறான வகையைத் தேர்ந்தெடுத்தால் வண்டி வளைவில் கவிழவும் கூடும். நம் சென்னையிலேயே ஒரு கார்த் தொழிற்சாலை, ஓடிக்கொண்டிருந்த காரின் பின் அச்சையே மாற்றிய கதை உண்டு. அதைப் பார்க்கும் முன் அச்சின் வேலையைத் தெரிந்துகொள்வோம்.

மாட்டு வண்டியும் காரும்

மாட்டு வண்டியின் அச்சுக்கு இருசு என்று பெயர். இருசு சுழல்வதில்லை. அதன் மேல் சக்கரம் சுழல்கிறது. இருசின் வேலை பாரத்தைத் தாங்குவது மட்டுமே. கரும்பு டிரெய்லரின் அச்சும் இப்படித்தான்.

டிராக்டரின் பின் அச்சு அப்படியல்ல. அது பாரத்தையும் தாங்க வேண்டும், என்ஜினின் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும். பின்சக்கரங்களால் ஓடும் கார், லாரி, பஸ் ஆகியவற்றுக்கும் இதே இரட்டை வேலைதான்.

பஸ் நிலையத்தில் நிற்கும் பஸ்ஸின் பின்புறம் சற்றுத் தள்ளி நின்று குனிந்து பாருங்கள். இரு சக்கரங்களுக்கும் நடுவே பூசணிக்காய் போன்ற ஓர் இரும்புக் கூடு தெரியும். அதற்குள் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வழி செய்வது அதுவே. அதிலிருந்து இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு அரைத் தண்டுகள் சக்கரங்களுக்குச் செல்கின்றன.

லாரியிலும் பஸ்ஸிலும் பாரத்தைத் தாங்குவது வெளியே உள்ள குழாய்க் கூடு. உள்ளே இருக்கும் தண்டு முறுக்கை மட்டுமே கடத்துகிறது. தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. மாட்டு வண்டி இருசுக்குள் ஒரு சுழலும் தண்டைச் செருகியதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரங்களால் ஓடும் கார்கள் பலவற்றிலோ, தண்டின் வெளிமுனையிலேயே சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும். அந்தத் தண்டு முறுக்கையும் பாரத்தையும் சேர்த்தே சுமக்கிறது. அது முறிந்தால் சக்கரமே போய்விடலாம்!

வண்டலூரில் பிறந்த கார்

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற சிறு கார் தயாரானது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. என்ஜினின் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். பார்க்க அழகான, சுறுசுறுப்பான கார். சோழவரம் பழைய விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின.

இந்தக் காரின் பின் அச்சு புதுமையானது. டிஃபரன்ஷியல் கூடு காரின் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருந்தது. அரைத் தண்டுகள் இரண்டும் அதன் இருபுறமும் மூட்டுகளில் தொங்கி, பறவையின் சிறகுகள்போல் மேலும் கீழும் அசைந்தன. இதை ஊசல் அச்சு எனலாம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றொன்று அதிராது. கனமான கூடு சக்கரத்தோடு சேர்ந்து குதிப்பதும் இல்லை. நல்ல யோசனைதானே?

ஆனால் ஒரு சிக்கல். தண்டு சாய்ந்தால் அதோடு சக்கரமும் சாயும். குடும்பம் முழுவதும் மூட்டை முடிச்சுகளோடு ஏறினால் காரின் பின்புறம் தாழும். சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும்.

இதைவிட ஆபத்தானது வேகமாக வளைவில் திரும்புவது. அப்போது வெளிச் சக்கரத்தின் அடியில் தரை பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் காரின் பின்புறத்தை மேலே தூக்கப் பார்க்கும். பின்புறம் உயர்ந்தால் சக்கரத்தின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கும். டயர் சாலையைப் பற்றும் பரப்புக் குறையும். சாய்வு மேலும் கூடும். திடீரெனக் காரின் பின்புறம் வழுக்கிச் சுழன்றுவிடும்.

அமெரிக்காவில் 1960 முதல் 1963 வரை வந்த கார்வேர் கார்களிலும் ஊசல் அச்சு இருந்தது. அதைக் கடுமையாகச் சாடி ரால்ஃப் நாடர் 1965-இல் ஒரு நூல் எழுதினார். 1972-இல் வெளியான அரசு ஆய்வு, கார்வேர் அக்காலத்தின் ஒத்த கார்களைவிட மோசமானதல்ல என்றது. ஆனால் நூல் எழுப்பிய கேள்வி மறையவில்லை: காரின் வடிவமைப்பிலேயே பாதுகாப்பைக் கவனிக்க வேண்டாமா?

நீங்களே செய்து பாருங்கள்

பழைய ரப்பர்ச் செருப்பில் இரண்டு வட்டங்கள் வெட்டுங்கள். ஒரு மூங்கில் குச்சியின் இரு முனைகளிலும் அவற்றை இறுகச் செருகுங்கள். குச்சியை நடுவில் அழுத்தினாலும் தூக்கினாலும் வட்டங்கள் நிமிர்ந்தே இருக்கும். நுங்கு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

இப்போது குச்சியை நடுவில் வெட்டி, சைக்கிள் டியூப் துண்டு ஒன்றால் மீண்டும் இணையுங்கள். நடுப்பகுதியைச் சற்றுத் தூக்குங்கள். சக்கரங்களின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்குகிறதா? அழுத்துங்கள். மேல்பகுதி உள்ளே சாய்கிறதா? முதலாவது முழு அச்சு. இரண்டாவது ஊசல் அச்சு.

அச்சை மாற்றினார்கள்

ஊசல் அச்சு நம் நாட்டுக் கார்க்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டின் இடத்தில் ஸ்டாண்டர்டு கேஸல் வந்தது. என்ஜின் அதே 948 கன சென்டிமீட்டர். பின்னால் மட்டும் ஊசல் அச்சு போய், முழு அச்சு வந்தது. அம்பாசடரிலும் பியட்டிலும் மெக்கானிக்குகள் தினமும் கண்ட வகை அது. கேஸல் 1977 வரை, சிறிய அளவில், தயாரானது.

பழையதற்குத் திரும்பியது பின்னேற்றமா? இல்லை. முழு அச்சு கனமானது. ஒரு சக்கரத்தின் அதிர்ச்சி மறு சக்கரத்துக்கும் போகும். ஆனால் பாரம் கூடினாலும் குறைந்தாலும் சக்கரம் நிமிர்ந்து நிற்கும். எங்கு பழுதானாலும் சரிசெய்ய ஆள் கிடைப்பார். எந்தச் சாலை, எவ்வளவு பாரம், யார் பழுது பார்ப்பார் என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பதே பொறியியல்.

எவ்வளவு தடிமன் வேண்டும்?

பந்தயத்துக்காக என்ஜினின் ஆற்றலைக் கூட்டுகிறவர்கள் பின் அச்சையும் வலுவாக்க வேண்டியிருக்கும். ஏன் என்று கணக்குப் போடுவோம். என்ஜினின் முறுக்கு விசை 7 கிலோகிராம்-மீட்டர் என்க. முதல் கியர் அதை 4 மடங்காக்குகிறது. அச்சின் பல்சக்கரங்கள் மேலும் 5 மடங்காக்குகின்றன. ஆக, 7 x 4 x 5 = 140. ஒவ்வொரு தண்டுக்கும் 70! என்ஜின் தருவதைப்போல் பத்து மடங்கு.

முறுக்கைத் தாங்கும் வலிமை, தண்டின் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 20 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் அதே எஃகில் 25 மில்லிமீட்டர் தண்டு போட்டால் வலிமை ஏறக்குறைய இரு மடங்கு. எடையோ ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும்.

தடிமன் மட்டும் போதாது. பாரம் சுமந்து சுழலும் தண்டில் ஒவ்வொரு சுற்றிலும் மேல்பக்கம் கீழாகி, கீழ்ப்பக்கம் மேலாகிறது. ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் ஓடும் சக்கரம் ஒரு லட்சம் கிலோமீட்டரில் 5 கோடி முறை சுற்றும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிகிறதல்லவா? அதுபோல் தண்டும் களைப்படையும். விரிசல் பெரும்பாலும் விட்டம் மாறும் படியிலோ ஒரு சிறு கீறலிலோ தொடங்கும். ஆகவே படியை வளைவாகக் கடைந்து, மேற்பரப்பை வழுவழுப்பாக்குகிறார்கள்.

பொருத்துவதிலும் கவனம் தேவை. டிஃபரன்ஷியல் சட்டத்திலிருந்து அச்சுக்கு மாறினால் அது சக்கரங்களோடு ஏறி இறங்கும். எனவே என்ஜினிலிருந்து வரும் தண்டுக்கு இரு முனைகளிலும் மூட்டும், நீண்டு சுருங்க ஒரு வழுக்கு இணைப்பும் வேண்டும். பிரேக் குழாய் வளைந்துகொடுக்க வேண்டும். சக்கரங்கள் உடலில் உரசாத அகலம் வேண்டும். பல்சக்கர விகிதம் மாறினால் வேகமானியும் தவறு காட்டலாம். தண்டை மட்டும் வலுவாக்கினால் அடுத்து நலிந்த பல்சக்கரம் உடையும். சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியில்தானே!

அடுத்த முறை கரும்பு டிராக்டர் உங்களைக் கடந்து போகும்போது அதன் சக்கரங்களைக் கவனியுங்கள். அத்தனை பாரத்திலும் நிமிர்ந்து நிற்கின்றனவா? ஏன் என்று இனி உங்கள் நண்பருக்கு நீங்களே சொல்லலாம்.