கோர்கிக்கு என்ன கோளாறு?

கோர்கி என்ற பெயரைக் கேட்டதும் 'தாய்' நாவல் எழுதிய ரஷ்ய எழுத்தாளர் நினைவுக்கு வரும் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நம் வாசகர்களில் பலர். நம் பிள்ளைகளுக்கோ கோர்கி என்றால் நாய்தான். மாலை வேளையில் பிரேசர் டவுன் கோல்ஸ் பார்க்கைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். நரி போன்ற முகமும், விறைத்து நிற்கும் பெரிய காதுகளும், நீண்ட உடம்பும், அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத குட்டைக் கால்களுமாக ஒன்றிரண்டு உங்களைக் கடந்து போகும். ஊரிலிருந்து பேரப் பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பாட்டிமார் நின்று, "இது வளர்ந்த நாயா, இல்லை இன்னும் வளருமா?" என்று கேட்பதும் வழக்கம்.

வளர்ந்த நாய்தான் அம்மா. பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டில் மாடு மேய்க்கப் பிறந்த இனம் அது. மாட்டின் குதிகாலைக் கடித்து விரட்டிவிட்டு, அது திருப்பி உதைக்கும்போது அடிபடாமல் தப்புவதற்கு அந்தக் குட்டைக் கால் உதவியது. 1944-ல் இளவரசி எலிசபெத்தின் 18-ஆம் பிறந்த நாளுக்கு அவருடைய தந்தையார் ஆறாம் ஜார்ஜ் மன்னர் சூசன் என்ற கோர்கியைப் பரிசாகக் கொடுத்தார். அதிலிருந்து 2022-ல் அரசியார் மறையும் வரை அரண்மனையில் கோர்கி இல்லாத காலம் அநேகமாக இல்லை. மாட்டுக்காரன் நாய் மகாராணி நாயானது. பிறகு பெங்களூருக்கும் வந்து சேர்ந்தது.

வந்த இடத்தில் அது நோயுற்றால்தான் வீட்டார் திகைத்துப் போகிறார்கள். என்ன நோய் என்று சட்டென்று பிடிபடுவதில்லை. ஒருவர் முதுகுத் தண்டு என்கிறார், இன்னொருவர் உண்ணிக் காய்ச்சல் என்கிறார், மூன்றாமவர் வயதாகிவிட்டது என்கிறார். இந்தக் குழப்பத்திற்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி வந்த பெண் பிறந்த வீட்டுச் சீதனத்தையும் கொண்டு வருகிறாள், புகுந்த வீட்டு வழக்கங்களையும் ஏற்றுக்கொள்கிறாள் அல்லவா? கோர்கியின் நோய்களும் அப்படித்தான். வேல்ஸிலிருந்து இரத்தத்தோடு வந்த நோய்கள் சில. இந்த மண்ணில் வந்து ஒட்டிக்கொண்டவை சில. வெளியே தெரியும் அறிகுறியோ இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கிறது.

முதலில் எல்லோரையும் கலங்க வைக்கும் அறிகுறியைப் பார்ப்போம். நாய் பின்னங்காலை இழுக்கிறது. நேற்று வரை சோபாவில் தாவி ஏறியது, இன்று கீழேயே நின்று பார்க்கிறது.

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதற்கு வலிக்கிறதா என்பதுதான். தூக்கினால் கத்துகிறது, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நிற்கிறது, தொட விடுவதில்லை, அதுவும் ஒரே நாளில் வந்தது என்றால், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் இருக்கும் தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறதோ என்றுதான் மருத்துவர் முதலில் பார்ப்பார். இது பிறந்த வீட்டுச் சீதனம். குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்றை ஆய்வாளர்கள் 2009-ல் கண்டறிந்தார்கள். அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மாற்றம் 2017-ல் தெரிய வந்தது. இந்த இரண்டாவது மாற்றம் முதுகெலும்புத் தட்டுகளை இளம் வயதிலேயே காய்ந்து இறுகிப் போகச் செய்கிறது. பெம்புரோக் வகைக் கோர்கிகளில் இரண்டுமே பரவலாக உண்டு. அழகு என்று நாம் கொஞ்சும் அந்தக் குட்டைக் காலுக்குப் பக்கத்திலேயே ஆபத்தும் குடியிருக்கிறது.

இலேசான பாதிப்பானால் நான்கு வாரம் அல்லது அதற்கு மேலும் கூண்டுக்குள் வைத்து அசையாத ஓய்வு கொடுத்து, மருத்துவர் தரும் வலி மருந்தோடு தேறிவிடும். கால் முற்றிலும் விழுந்துவிட்டது, விரலை அழுத்திக் கிள்ளினால்கூட உணர்வு இல்லை என்றால் அது அவசர நிலை. 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடக் கூடாது. அறுவைச் சிகிச்சை பயன் தருமா தராதா என்பதை அப்போது மணி நேரங்கள்தான் தீர்மானிக்கின்றன.

வலியே இல்லாமல், மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பின்னங்கால் தளர்ந்து வந்தால் கதை வேறு. இது பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல், கோர்கிகளில் பத்து பதினொரு வயதளவில் வரும் தண்டுவடச் சிதைவு நோய். முதல் அடையாளம் கண்ணுக்கு அல்ல, காதுக்குத்தான் தெரியும். நடக்கும்போது பின்னங்கால் நகம் தரையில் உரசி 'சரக், சரக்' என்று ஓசை வரும். பிறகு பாதம் மடங்கி, மேல்புறம் தரையில் படும். வீட்டைப் பெருக்கித் துடைக்க வருகிற அம்மாள்தான் தரையில் விழும் கீறலைப் பல வீடுகளில் முதலில் கவனிக்கிறார். அவர் கன்னடத்தில் சொன்னாலும், தமிழில் சொன்னாலும், பிரேசர் டவுன் தக்கனி உருதுவில் சொன்னாலும் காது கொடுத்துக் கேளுங்கள்.

இந்த நோய்க்குத் தொடர்புள்ள எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் 2009-ல் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதர்களுக்கு வரும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயில் ஒரு பகுதியினருக்குக் காரணமாக இருப்பதும் இதே மரபணுதான். பௌதிக மேதை ஸ்டீபன் ஹாக்கிங்கை நாற்காலியில் உட்கார வைத்ததும் ஏ.எல்.எஸ். நோயே. அதனால் நாயை ஆராய்கிறவர்கள் மனிதனுக்காகவும் ஆராய்கிறார்கள். கோளாறுள்ள மரபணு இரண்டு பிரதி இருந்தாலும் எல்லா நாய்க்கும் நோய் வந்துவிடுவதில்லை. ஆகவே பரிசோதனை முடிவு தீர்ப்பு அல்ல, எச்சரிக்கை. நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. நாள்தோறும் அளவான நடை, பின்புறத்தைத் தூக்கிப் பிடிக்கும் துணிப் பட்டை, பிறகு சக்கர வண்டி என்று நடமாடும் காலத்தை நீட்டிக்கலாம். சக்கரம் கட்டிய நாயைக் கண்டு பாவம் என்று பார்ப்பவர்கள்தான் வருத்தப்படுகிறார்கள். அதற்கு வலி இல்லை.

ஆனால் மூன்றாவதும் ஒன்று உண்டு. உண்ணிக் காய்ச்சல் மூட்டுகளை வீங்கச் செய்து, நாயை நொண்ட வைக்கும். சில சமயம் நரம்பையும் தொடும். எட்டு வயதுக் கோர்கி, குட்டைக் கால், நீண்ட முதுகு, ஆகவே முதுகு நோய் என்று இரத்தப் பரிசோதனை இல்லாமலே முடிவு கட்டிவிட்டால், குணப்படுத்தக்கூடிய நோயைக் கைவிட்டவர்கள் ஆவோம். தண்டுவடச் சிதைவு என்பது மற்றவை எல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகே சொல்ல வேண்டிய பெயர்.

இந்த உண்ணிக் காய்ச்சல் விஷயம் சற்று விரிவாகவே சொல்லத் தக்கது. நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் ஒரே நோய் அல்ல. முக்கியமாக இரண்டு. எர்லிக்கியா என்பது வெள்ளை அணுக்களுக்குள் குடியேறும் பாக்டீரியா. 1935-ல் அல்ஜீரியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கணக்கில் இதற்குப் பலியான பிறகுதான் உலகம் இதை மதித்துக் கவனித்தது. பபீசியா என்பது மலேரியாக் கிருமியைப் போலச் சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும் ஒட்டுண்ணி. இதில் பபீசியா கிப்சோனி என்ற வகையை 1910-ல் பேட்டன் என்ற ஆராய்ச்சியாளர் முதலில் எங்கே கண்டார் தெரியுமா? நம் சென்னையில்! வெள்ளைக்காரத் துரைகள் நடத்திய மெட்ராஸ் ஹண்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் இரத்தத்தில். பிறகு குள்ளநரியின் இரத்தத்திலும் அது கிடைத்தது. சீமையிலிருந்து வந்த நாய் நம் மண்ணின் உண்ணியிடம் தோற்பது நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய கதை.

எர்லிக்கியாவின் தந்திரம் அதன் பொறுமை. உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், சோறு வேண்டாமை, சோர்வு வரும். பல நாய்களுக்கு அது தானாகவே அடங்கிவிடும். 'வெயில் சூடு, சரியாகிவிட்டது' என்று நாமும் மறந்துவிடுவோம். கிருமி உள்ளேயே தங்கி, மாதங்கள் கழித்து, ஏன் ஆண்டுகள் கழித்தும்கூட, எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். அப்போது நாயின் மேல் ஓர் உண்ணிகூட இருக்காது. "எங்கள் நாய்க்கு உண்ணியே கிடையாதே!" என்று நாம் மருத்துவரிடம் வாதாடுவது இந்தக் கட்டத்தில்தான்.

அறிகுறி எப்படி வருகிறது? மூக்கிலிருந்து இரத்தம். வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள். டெங்கு வந்த வீட்டாருக்குத் தட்டணுக்கள் குறைவது பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கேயும் குறைவது அவைதான். ஆனால் கோர்கிக்கு இங்கும் ஒரு சிக்கல். இந்த இனத்தில் வான் வில்லிபிராண்ட் நோய் என்ற இரத்தம் உறையாமைக் குறை பரம்பரையாகச் சிலவற்றுக்கு உண்டு. அவற்றுக்குத் தட்டணு எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனாலும் பல் விழும்போதோ, நகம் வெட்டும்போதோ, கருத்தடை அறுவையின்போதோ இரத்தம் நிற்காது. ஆகவே அறுவைக்கு முன் "இது கோர்கி, இந்தக் குறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்" என்று நினைவூட்டுவதில் தவறில்லை.

மூன்றாவது சந்தேகம் எலி மருந்து. பிரேசர் டவுனே எலியால் உண்டான பேட்டை என்று சொல்லலாம். 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவி நெருக்கமான பேட்டைகளைச் சூறையாடிய பிறகுதான், காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய குடியிருப்பாக இது திட்டமிடப்பட்டது. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைப் பெற்றது. இன்று புலிகேசி நகர் என்று அரசாங்கம் எழுதினாலும் ஆட்டோக்காரரிடம் பிரேசர் டவுன் என்றுதான் சொல்கிறோம். எலி மட்டும் போகவில்லை. பக்கத்துக் கிடங்கில் வைத்த மருந்தையோ, அதைத் தின்று செத்த எலியையோ நாய் கவ்வினால், உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து உள்ளுக்குள் இரத்தம் கசியும். எலி மருந்து வைத்த விவரம் தெரிந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வைட்டமின் கே என்ற மாற்று மருந்து உண்டு. காலத்தில் கொடுத்தால் பிழைக்கும்.

இனி சிறுநீர். ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போனால் சிவப்பு அணுக்கள் உடைகின்றன என்று பொருள். பபீசியாவாக இருக்கலாம். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மட்டும் இதற்குப் போதாது. 'உண்ணிக் காய்ச்சலுக்கு மாத்திரை முடித்துவிட்டோம், ஆனாலும் தேறவில்லை' என்ற புகாருக்குப் பல சமயம் இதுவே விடை. ஈறோடு கண்ணும் மஞ்சளானால் மழைக்காலத்து எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரா நினைவுக்கு வர வேண்டும்; அது மனிதருக்கும் தொற்றும்.

இவை எதுவும் இல்லாமல் நம் சமையலறையே குற்றவாளியாகவும் இருக்கலாம். வெங்காய சாம்பார்! நாயின் சிவப்பு அணுக்களுக்கு வெங்காயம் நஞ்சு. பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் ஒரே குடும்பம். வேக வைத்தாலும் விஷம் போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் போதும். 12 கிலோ கோர்கிக்கு இரண்டு மூன்று வெங்காயம் என்று கணக்கு வருகிறது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் கெடுதல்தான். பாசத்தோடு சாம்பார் சாதம் பிசைந்து போடும் பெரியவர்களைக் கடிந்துகொள்ளாமல், வெங்காயம் போடுவதற்கு முன் வெந்த பருப்பைக் கொஞ்சம் தனியே எடுத்து வையுங்கள் என்று சொன்னால் சண்டை வராது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால், வலிக்குப் போடும் ஐபுபுரூபன் இரண்டையும் நாயிடம் கொண்டு போகவே வேண்டாம். பப்பாளி இலைச் சாற்றை நம்பி மருத்துவரைத் தள்ளிப் போடுவதும் அப்படியே.

உண்ணியை ஒழிப்பது நாயோடு முடிகிற வேலை அல்ல. பழுப்பு நிற நாய் உண்ணி இரத்தம் குடிக்கும் நாட்கள் சொற்பம். மீதி வாழ்நாளைச் சுவர் விரிசலிலும், கட்டில் இடுக்கிலும், கார் இருக்கை மடிப்பிலும் கழிக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பெங்களூரின் மிதமான தட்பவெப்பம் நமக்கு மட்டுமா இதமாக இருக்கிறது? அதற்கும்தான்; ஆண்டு முழுதும் பெருகுகிறது. தெரு நாயைத் திட்டிப் பயனில்லை. மருத்துவர் சொல்லும் மாத்திரை அல்லது மருந்தைத் தவணை தவறாமல் கொடுப்பதும், வீட்டு இடுக்குகளைச் சுத்தம் செய்து மருந்தடிப்பதும் சேர்ந்து நடக்க வேண்டும். உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், விரலால் நசுக்காதீர்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

கோர்கியைத் தூக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழும், ஒரு கை பின்புறத்துக்குக் கீழும் இருக்கட்டும். முன்னங்கால்களை மட்டும் பிடித்துத் தூக்கும் குழந்தைகளுக்கு இதைச் சொல்லித் தாருங்கள். வழவழப்பான தரையில் தேங்காய் நார் மிதியடி போடுங்கள். எடை 13 கிலோவைத் தாண்டினால் பிஸ்கட்டைக் குறையுங்கள். முதுகுக்குப் பாரம் கூடுகிறது.

மருத்துவரிடம் போகும்போது வாய்க்கணக்கு உதவாது. ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எப்போது சோறு தின்னவில்லை, சிறுநீர் என்ன நிறம், எந்தக் கால் முதலில் தளர்ந்தது, தடுப்பூசி எப்போது, ஊருக்குப் போய் வந்தது எப்போது. நாய் நடப்பதைக் கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் பயத்தில் அது நன்றாகவே நடந்து காட்டிவிடும். பழைய இரத்த அறிக்கைகளை எறியாதீர்கள். தட்டணு எண்ணிக்கை படிப்படியாக இறங்குவது பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். உண்ணிக் காய்ச்சலுக்கு விரைவுச் சோதனை மட்டும் செய்தார்களா, இரத்தப் பூச்சைக் கண்ணாடியில் வைத்தும் பார்த்தார்களா, மரபணு முறையிலும் சோதித்தார்களா என்று கேளுங்கள். விரைவுச் சோதனை பழைய தொற்றையும் புதிய தொற்றைப் போலவே காட்டும்.

பேட்டை மருத்துவருக்குப் பிடிபடாத நோய் என்றால், 1958-ல் தொடங்கிய ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம்தான். விடுமுறைக்குச் சென்னை போயிருக்கையில் நேர்ந்தால் வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டு இடத்திலும் கூட்டம் இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள். நாய்க்குக் குடிக்கத் தண்ணீரும், விரித்துப் படுக்க ஒரு பழைய போர்வையும், அந்த நோட்டும் கையில் இருக்கட்டும்.