அமல்நேர்க்காரர்கள் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த காகிதம்

அகமதாபாத்திலிருந்து சென்னைக்குப் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸ், சூரத்தில் தப்தி லைனில் திரும்பி, நந்துர்பார், அமல்நேர், ஜல்காவ் வழியாகப் புசாவலை அடைகிறது. மணிநகரிலும் சூரத்திலும் குடியிருக்கும் நம்மவர்கள் எத்தனையோ முறை இந்த வழியே ஊருக்குப் போய் வந்திருப்பார்கள். அமல்நேர் ஸ்டேஷனை எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. பார்ப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. போரி ஆற்றங்கரையில் ஒரு தாலுகா ஊர். பருத்தியும் நிலக்கடலையும் விளையும் பூமி. ஒரு பழைய துணி ஆலை. மராத்தி எழுத்தாளர் சானே குருஜி வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம்.

ஆனால் பங்கு மார்க்கெட் பற்றிப் பேசுகிறவர்கள் பம்பாய்க்கு அடுத்தபடியாகச் சொல்லும் ஊர்ப் பெயர் இது.

1945 டிசம்பர் 29-ந் தேதி இங்கே ஒரு கம்பெனி பதிவாயிற்று. 'வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் புராடக்ட்ஸ்' என்று நீளமான பெயர். தொடங்கியவர் எம்.எச்.ஹாஷம் பிரேம்ஜி என்ற வியாபாரி. கடலை எண்ணெயிலிருந்து வனஸ்பதி செய்வது தொழில். கூடவே துணி சோப்பும் உண்டு. 1946-ல் 100 ரூபாய் ஷேர்களாக வெளியிட்டார்கள். அப்போதும் பிறகும் உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். ஆலையைச் சுற்றிப் பிழைத்த வியாபாரிகள், விவசாயிகள் வீடுகளில் அந்தக் காகிதம் சேர்ந்தது. ஆலைப் புகைபோக்கி அவர்கள் கண்ணெதிரே புகைந்துகொண்டிருந்தது. பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டலாம்!

1966 ஆகஸ்டில் ஹாஷம் பிரேம்ஜி திடீரென்று காலமானார். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகன் அஸிம் பிரேம்ஜிக்கு வயது 21. படிப்பை நிறுத்திவிட்டு வந்து பொறுப்பேற்றார். முதல் பொதுக்கூட்டத்திலேயே ஒரு பங்குதாரர் எழுந்து, "தம்பி, உன் ஷேர்களை விற்றுவிட்டு அனுபவம் உள்ளவர்களிடம் கம்பெனியை விட்டுவிடு" என்ற பொருளில் பேசினாராம். இதைப் பிரேம்ஜியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்தப் பங்குதாரர் சொன்னது அநியாயமான யோசனை அல்ல. வனஸ்பதி கம்பெனி, படிப்பை முடிக்காத பையன். யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள்.

பயந்தும் விற்காமல் இருந்தவர்கள் கதைதான் அமல்நேர் கதை. 1977-ல் கம்பெனி பெயர் 'விப்ரோ' என்று சுருங்கியது. அமெரிக்க ஐ.பி.எம். கம்பெனி இந்தியாவை விட்டு வெளியேறியிருந்த சமயம். அந்தக் காலி இடத்தில் 1980-ஐ ஒட்டி விப்ரோ கம்ப்யூட்டர் தொழிலில் இறங்கியது. மற்றது நாடறிந்த கதை.

ஒரு ஷேரின் கணக்கு

1980-ல் ஒரே ஒரு 100 ரூபாய் ஷேர் வைத்திருந்து, எதையும் விற்காமலும் புதிதாக வாங்காமலும் இருந்தவர் கணக்கைப் பார்ப்போம். 1981-லும் 1985-லும் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்ததில் ஒன்று நான்காயிற்று. 100 ரூபாய் ஷேரைப் பத்துப் பத்து ரூபாயாகப் பிரித்ததில் நாற்பது. 1987, 1989, 1992, 1995 என்று நான்கு முறை இரட்டித்து 640. 1997-ல் ஒன்றுக்கு இரண்டு போனஸ், 1,920. 1999-ல் பத்து ரூபாய் ஷேரை இரண்டு ரூபாயாக்கியதில் 9,600. அப்புறம் 2004, 2005, 2010 போனஸ்களும் சேர்ந்து 96,000 ஷேர்! அதற்குப் பிறகும் 2017, 2019, 2024-ல் போனஸ் வந்திருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. 100 ரூபாய் என்பது முகப்பு விலை. மார்க்கெட் விலை வேறு. போனஸ் என்பதும் ஒரு தோசையை நான்காக வெட்டித் தருவது மாதிரிதான். வெட்டியதால் தோசை பெரிதாகிவிடாது. கம்பெனியின் லாபம் வருஷா வருஷம் வளர்ந்ததால்தான் வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் மறுபடி முழுத் தோசை ஆயிற்று.

இவர்கள் விற்காமல் இருந்ததற்குக் காரணம் ஞானம் மட்டுமல்ல. ஷேர் விற்க வேண்டுமானால் பம்பாய்த் தரகரிடம் போக வேண்டும். பத்திரத்தை அனுப்பி, கையெழுத்து ஒத்துப்போய், பணம் வந்து சேர நாளாகும். தினசரி விலை கேட்கவும் வழியில்லை. வருஷத்துக்கு ஒரு முறை டிவிடெண்ட் தபாலில் வந்தது. பத்திரம் பெட்டியிலேயே கிடந்தது. இன்று செல்போனில் கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விற்றுவிடலாம். அமல்நேர்க்காரர்களிடம் அன்று அது இருந்திருந்தால் பாதிப்பேர் 1985-லேயே விற்றிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

சோதனையும் சாமானியமாக இருக்கவில்லை. 2000 பிப்ரவரியில் உச்சாணிக்குப் போன விப்ரோ விலை, ஒன்றரை வருஷத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இறங்கியது. காகிதத்தில் கோடீஸ்வரனாக இருந்தவன் சில லட்சங்களுக்கு வந்து நின்றான்.

அமெரிக்காவிலும் ஓர் அமல்நேர் உண்டு. புளோரிடா மாநிலத்தில் குவின்சி என்ற புகையிலை விளையும் சிற்றூர். அங்கே பாட் மன்றோ என்று ஒரு பாங்கர். 1930-களின் பஞ்சத்திலும் ஜனங்கள் கடைசி ஐந்து சென்ட்டைக் கொடுத்து கோகோ கோலா குடிப்பதை அவர் கவனித்தார். விவசாயிகளிடமும் விதவைகளிடமும் "அந்தக் கம்பெனி ஷேரை வாங்குங்கள், விற்காதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடனும் கொடுத்தார். 1919-ல் 40 டாலருக்கு வெளியான ஷேர், சர்க்கரை விலைக் குழப்பத்தில் அடுத்த வருஷமே பாதி விலைக்கு வந்திருந்தது. அந்த 1919 ஷேர் ஒன்று 2012-க்குள் 9,216 ஷேராகப் பிரிந்தது. கோகோ கோலாவை அன்றும் சின்னக் கம்பெனி என்று சொல்ல முடியாது. ஆனால் வைத்திருந்தவர்கள் சின்ன மனிதர்கள்.

மறைந்துபோன கம்பெனிகள்

இத்தோடு நிறுத்தினால் ஆசை காட்டியதாகிவிடும். 1990-களில் நம் நாட்டில் பொதுமக்களிடம் பணம் திரட்டிவிட்டு விலாசமே இல்லாமல் மறைந்த கம்பெனிகள் இருநூற்றுக்கு மேல் என்று சர்க்காரே பட்டியல் போட்டது. தேக்கங்கன்று விளம்பரத்தைப் பார்த்து பி.எப். பணத்தைக் கொட்டியவர்கள் நம் சங்கங்களிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு அமல்நேர் கதையைச் சொன்னால் கோபம்தான் வரும். நியாயம்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு குமாஸ்தா ஒரு லட்ச ரூபாயைப் பத்துச் சின்னக் கம்பெனிகளில் பத்தாயிரம் வீதம் போடுகிறார். ஆறு கம்பெனி அடியோடு போய்விடுகிறது. மூன்று அப்படியே நிற்கிறது. ஒன்று மட்டும் வருஷத்துக்கு 20 சதவிகிதம் வளர்கிறது. இருபது வருஷத்தில் அந்த ஒன்று 3,83,000 ரூபாய் ஆகும். மூன்றின் முப்பதாயிரத்தையும் சேர்த்தால் 4,13,000. அதே லட்சத்தை 7 சதவிகிதக் கூட்டு வட்டியில் போட்டிருந்தாலே 3,87,000 கிடைத்திருக்கும்! இருபது வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்ததற்குக் கூலி 26,000 ரூபாய்.

இப்போது கம்பெனிகளைப் பார்த்து எடுத்ததில் இரண்டுதான் போயிற்று, ஏழு சுமாராக 7 சதவிகிதம் வளர்ந்தது, ஒன்று அதே 20 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை 6,54,000 ஆகிறது. அதிர்ஷ்டக் கம்பெனி ஒன்றுதான். மாறியது மோசமானவற்றின் எண்ணிக்கை. ஆனால் அந்த ஒன்று நாலாவது வருஷம் இரட்டித்ததும் "போதும்" என்று விற்றிருந்தால் இரண்டு கணக்குமே பாழ்.

ரோல்ஃப் பான்ஸ் என்பவர் 1981-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நியூயார்க் மார்க்கெட்டின் 1926 முதல் 1975 வரையிலான கணக்கை எடுத்து, சின்னக் கம்பெனி ஷேர்கள் பெரியவற்றைவிட அதிகம் தந்தன என்று காட்டினார். பிறகு அந்த அனுகூலம் மங்கியது. 2018-ல் கிளிஃப் ஆஸ்னஸும் கூட்டாளிகளும் மறுபடி கிளறிப் பார்த்தார்கள். சின்னக் கம்பெனிகளில் குப்பை அதிகம். குப்பையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அனுகூலம் அப்படியே இருக்கிறது, இருபதுக்கு மேற்பட்ட நாடுகளிலும் இதே நிலை என்றார்கள். கடன் குறைவு, லாபம் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இல்லாமல் ரொக்கமாக வருவது, முதலாளியின் சொந்தப் பணமும் உள்ளே இருப்பது, வாங்கியவர்கள் மறுபடி வாங்கும் சரக்கு. பார்க்க வேண்டியது பெரும்பாலும் இவ்வளவுதான். அமல்நேர்க்காரர்களுக்கு ஆலைக் கேட்டிலேயே இது தெரிந்தது. மற்றவர்கள் ஆண்டறிக்கையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமல்நேரிலும் விற்றவர்கள் உண்டு. பெண் கல்யாணம் வந்தால் யார்தான் விற்கமாட்டார்கள்? அவர்களை ஏமாளி என்று சொல்ல மனம் வராது. கல்யாணத்துக்கும் கல்லூரிக்கும் வைத்த பணத்தை இதில் போடாமல் இருந்தால்தான் பத்து, இருபது வருஷம் என்ற பேச்சே.

வெளி மாநிலங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர் வீடுகளில் அப்பா, தாத்தா பெயரில் பழைய ஷேர் பத்திரங்கள் கிடப்பது சகஜம். ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காத ஷேர்கள் இப்போது முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதி என்ற மத்திய சர்க்கார் கணக்குக்குப் போய்விடுகின்றன. போனாலும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். முதலில் கம்பெனிக்கோ அதன் ரிஜிஸ்திராருக்கோ போலியோ நம்பரைக் குறிப்பிட்டு எழுதி, உரிமைக் கடிதம் பெற வேண்டும். பிறகு ஐ.இ.பி.எப்.-5 என்ற படிவம். பாதிப் பங்கு கேட்கும் இடைத்தரகர்கள் இதற்கு அவசியமில்லை. 2019 ஏப்ரல் முதல் காகித ஷேரை அப்படியே பிறருக்கு விற்று மாற்ற முடியாது; டீமாட் கணக்குக்கு மாற்ற வேண்டும். பத்திரத்தில் உள்ள கம்பெனி இன்று இல்லை என்று கிழித்துப் போட வேண்டாம். பெயர் மாறியிருக்கலாம். 'வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் புராடக்ட்ஸ்' என்று அச்சடித்த காகிதத்தை இன்று எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?