இடையிடையே 120
அளவும் பொருளும் – 17: தட்டைப் பரப்பில் காற்றின் விசை

ஓடி வரும் காற்றைத் தட்டையான ஒரு பரப்பு மறித்தால் அதன் மீது விழும் அழுத்தத்தைக் கணக்கிட இரண்டு எண்கள் தேவை: காற்றின் அடர்த்தி, அதன் வேகம். அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ, அதில் பாதி 0.6. வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து வர்க்கம் கண்டு 0.6-ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று விடை வரும். அதை 9.8-ஆல் வகுத்தால் கடைத்தராசின் கிலோ. வானிலைச் செய்தி சொல்லும் மணிக்கணக்குக் கிலோமீட்டரை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கணக்கு மீட்டர்.

கொடியில் காயும் வேட்டியை ஆட்டும் 18 கி.மீ. காற்று சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ தள்ளும். 36 கி.மீ. என்றால் 6 கிலோ, 72 என்றால் 24, 108 என்றால் 55. வேகம் ஆறு மடங்கு ஏறியதற்கு விசை முப்பத்தாறு மடங்கு ஏறிவிட்டது. 169 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 47 மீட்டரில், 135 கிலோ. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் போன்ற கருங்கல் கட்டடத்தின் கல்லில், ஒரு மீட்டர் சதுரத்துக்கு இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு பலகை அறுத்தால் அதன் எடையும் ஏறக்குறைய இதுவே. இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அந்த 24 மீட்டர் விமானமும், சக்கரமும் குதிரையுமாகத் தேர் வடிவில் நிற்கும் முன்மண்டபமும் காற்றை ஒரு பொருட்டாக நினைக்கத் தேவையில்லை. அவற்றின் எடை அப்படி. அதே ஊர்க் கடைத்தெருவின் பெயர்ப் பலகைக்கும், பட்டு நெசவாளர் வீட்டு மொட்டை மாடியில் ஏறும் சோலார் பேனலுக்கும் அந்தச் சலுகை கிடையாது. பரப்பு நிறைய, எடை கொஞ்சம். இந்த வாரக் கணக்கு இவை இரண்டுக்கும்.

மழைக்காற்று கனமானது, அதனால் கூடுதலாகத் தள்ளும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மை நேர்மாறு. நீராவியின் மூலக்கூறு காற்றின் சராசரி மூலக்கூறைவிட லேசானது. ஈரக்காற்று வறண்ட காற்றைவிடச் சற்று எடை குறைந்தது. சித்திரை வெயிலிலும் அடர்த்தி கொஞ்சம் குறையும். வேறுபாடு சில சதவீதம்தான் என்பதால் 0.6-ஐ யாரும் மாற்றுவதில்லை.

சிக்கல் அடர்த்தியில் இல்லை, வேகத்தில். எந்த வேகத்தை எடுப்பது? புயல் அறிவிப்பில் ‘மணிக்கு 100 முதல் 110 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 120 கி.மீ. வேகத்திலும்’ என்று வாசிப்பார்கள். முதல் எண் சில நிமிடங்களின் சராசரி. பலகையைப் பிடுங்குவது இடையிடையே வரும் அந்தச் சில நொடி வீச்சு. 110-க்கும் 120-க்கும் இடையே பத்துதானே என்று தோன்றும். வர்க்கத்தில் அது 19 சதவீதக் கூடுதல் விசை. ஆகவே கணக்கில் வீச்சின் வேகமே நுழைய வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி அப்படித்தான் செய்கிறது. திறந்த வெளியில் பத்து மீட்டர் உயரத்தில் 3 நொடி நீடிக்கும் வீச்சில், 50 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கதை அது அடிப்படை வேகமாக வைக்கிறது. 2015-இல் திருத்தப்பட்ட அந்த விதியில் நாடு 33, 39, 44, 47, 50, 55 என்று நொடிக்கணக்கு மீட்டரில் ஆறு மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. மதுரைக்கு 39, திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. திருச்சிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் தாராசுரத்துக்கு இங்கே 47 எடுத்துக்கொள்ளப்படுகிறது. 50 எடுத்தால் கீழே வரும் எல்லா விடைகளும் 13 சதவீதம் கூடும்.

இந்த அடிப்படை வேகத்தை இடத்துக்கேற்பத் திருத்த வேண்டும். வீடுகள் நெருங்கிய ஊர்ப்புறத்தில் காற்று உராய்ந்து தளர்கிறது. பத்து மீட்டர் உயரம் வரை 0.91-ஆல் பெருக்கலாம். மறைப்பே இல்லாத வெளியில் அது 1.05 ஆகிறது. காவிரி டெல்டாவில் இந்த இரண்டு நிலைக்கும் நடுவே ஒரு தெருவின் தூரம்தான். கடைசி வீட்டைத் தாண்டினால் வயல், அதற்கப்பால் அடிவானம் வரை வயல். ஊருக்குள் நின்று போட்ட கணக்கை அப்படியே வயல்வெளிப் புறவழிச்சாலைக்குக் கொண்டுபோனால் விசை நான்கில் ஒரு பங்கு குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கும். குன்றின் மேட்டில் காற்று விரைவதற்கான திருத்தமும் விதியில் உண்டு. காவிரிச் சமவெளியில் அதற்கு வேலையில்லை. பொருளின் ஆயுளுக்கென்று ஒரு குணகம் இருக்கிறது. ஐந்தாண்டுத் தற்காலிகப் பந்தலுக்கு 47 மண்டலத்தில் 0.71 போதும் என்கிறது விதி. பெயர்ப் பலகையையும் தற்காலிகம் என்று சொல்லி இந்த எண்ணுக்குள் நுழைக்கத் தோன்றும். விசை பாதியாகிவிடும், இரும்புச் செலவும் இறங்கும். அதன் கீழே நடப்பவர்கள் தற்காலிகமானவர்கள் அல்லர் என்பதால் இங்கே 1 என்றே வைக்கப்படுகிறது.

ஆக ஊருக்குள் 47 × 0.91 = 42.8 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு 1,098 நியூட்டன்; சுமார் 112 கிலோ.

இதைப் பரப்பால் மட்டும் பெருக்கினால் விடை குறைவாக வரும். பலகையின் முன்புறம் காற்று தேங்கித் தள்ளுகிறது. நடுவில் முழு அழுத்தம், விளிம்பை நோக்கிக் குறைவு. விளிம்பைத் தாண்டிய காற்று உடனே சேர்ந்துகொள்ள முடியாமல் பின்புறம் சுழல் உண்டாகி, அங்கே அழுத்தம் இறங்குகிறது. முன்னால் தள்ளுவதும் பின்னால் இழுப்பதும் ஒரே திசையில் சேர்கின்றன. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தள்ளல், ஒரு பங்கு இழுப்பு. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருவதுதான் விசைக் குணகம். சதுரத்துக்கு அருகிலான பலகைக்கு 1.2, முடிவில்லாமல் நீளும் பட்டைக்கு, ஓரங்கள் வழியே காற்று தப்ப இடமில்லாததால், 2.

இந்த எண்ணுக்கு வர இரண்டு நூற்றாண்டு பிடித்தது. 1759-இல் காற்றாலைகளைப் பற்றி இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் வெளியிட்ட அட்டவணையின் எண் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம். அதை நம்பிப் பறக்கப் பார்த்த ரைட் சகோதரர்கள் 1901-இல் தங்கள் கிளைடர் போதிய அளவு எழும்பாததைக் கண்டுதான் அந்த எண்ணைச் சந்தேகித்தார்கள். குஸ்தாவ் ஈஃபில் தன் கோபுரத்திலிருந்தே தகடுகளை விழவிட்டு அளந்தார். இன்றும் விதிகள் ஒத்துப்போவதில்லை. பெயர்ப் பலகைக்கு ஐரோப்பிய விதி 1.8 எடுக்கச் சொல்கிறது. இங்கே 1.2.

கடைக்காரர்கள் விரும்பும் அளவு பத்தடிக்கு நாலடி. பரப்பு 3.7 சதுர மீட்டர். 1,098 × 1.2 × 3.7 என்று பெருக்கி 9.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 500 கிலோ. இரண்டு பேர் தூக்கி மாட்டிவிடும் பலகையை அரை டன் தள்ளுகிறது. வயல்வெளியில் இதே பலகைக்கு 665 கிலோ.

பிளெக்ஸ் கட்டுபவர்கள் காற்றுப் போகட்டும் என்று அரைவட்டமாக ஆங்காங்கே கிழித்துவிடுவார்கள். அதனால் எவ்வளவு குறையும்? துளையுள்ள சுவர்களுக்கு ஆஸ்திரேலிய–நியூசிலாந்து விதி ஒரு கணக்குத் தருகிறது. துளைகளின் பரப்பு மொத்தத்தில் எத்தனை பங்கோ, அதன் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கைக் கிழித்தால் விசையில் குறைவது நூற்றில் ஒன்று. பாதியைக் கிழித்தாலும் கால் பங்குதான். படத்தில் இருப்பவரின் முகம் போன பிறகும் முக்கால் விசை மிஞ்சும்.

காற்று நேராக மட்டும் வருவதில்லை. சாய்ந்து வரும்போது, முன்னால் இருக்கும் விளிம்பில் அழுத்தம் குவிகிறது. விசையின் மையம் பலகையின் நடுவிலிருந்து அகலத்தில் கால் பங்கு விலகுவதாக ஐரோப்பிய விதி எடுத்துக்கொள்கிறது. இரு ஓரங்களிலும் கால் வைத்த பலகையில் இதன் பொருள்: ஒரு கால் மொத்தத்தில் முக்கால் பங்கைத் தாங்க வேண்டும். ஆளுக்குப் பாதி என்று 250 கிலோவுக்குப் போட்ட பைப்பின் மீது 375 கிலோ வருகிறது.

பைப் தாங்கினாலும் தரை தாங்க வேண்டும். பலகையின் மையம் நாலு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காங்கிரீட் அடித்தளம் ஒரு மீட்டர் ஆழம் என்றால், அடித்தளத்தின் அடியிலிருந்து நெம்பும் தூரம் ஐந்து மீட்டர். 375 × 5 = 1,875 கிலோ-மீட்டர் நெம்புதிறன். ஒரு மீட்டர் கனசதுரக் காங்கிரீட் 2,400 கிலோ. தன் விளிம்பைச் சுற்றிக் கவிழாமல் அது எதிர்ப்பது 2,400 × 0.5 = 1,200. போதாது. பக்கத்து மண் பிடித்துக்கொள்ளும் என்று இதற்குச் சமாதானம் சொல்வது வழக்கம். டெல்டாவில் புயல் வருவது ஐப்பசி, கார்த்திகை. வண்டல் மண் ஊறிக் குழைந்து, நீர் தரைமட்டம் வரை நிற்கும் காலம் அது. அப்போது மண்ணின் பிடி தளர்வதோடு, மூழ்கிய காங்கிரீட்டும் கன மீட்டருக்கு ஆயிரம் கிலோ எடை இழக்கிறது. 1,200 கிலோ-மீட்டர் 700 ஆகிவிடுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் லட்சக்கணக்கில் விழுந்தன. முறிந்தவை ஒரு பக்கம், வேரோடு சாய்ந்தவை ஒரு பக்கம்.

இதற்கு ஆழத்தைக் கூட்டுவதைவிட, காற்று வீசும் திசையில் அடித்தளத்தை நீட்டுவது மலிவு. நீளம் இரட்டித்தால் எடையும் இரட்டிக்கும், எடை செயல்படும் தூரமும் இரட்டிக்கும். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் நீரில் மூழ்கிய நிலையிலும் 2,800. தேவையைப் போல ஒன்றரை மடங்கு.

அடித்தளத்தைச் சிறுத்தால் என்னவாகும் என்பதற்கு மும்பை சாட்சி. 2024 மே 13 அன்று காட்கோபரில் 120 அடிக்கு 120 அடி விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மீது சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். அன்றைய காற்று மணிக்கு 87 கி.மீ. பலகையின் அடித்தளம் 49 கி.மீ. வரைதான் தாங்கும் என்றும், அங்கே 158 கி.மீ.-க்குத் தாங்க வேண்டும் என்றும் விசாரித்த பொறியியல் நிறுவனம் கண்டது. மும்பையின் அடிப்படை வேகமான 44 மீட்டரை 3.6-ஆல் பெருக்கினால் வருவது அந்த 158. வேகத்தில் மூன்று மடங்குதான் குறை என்று தோன்றும். விசையில் அது பத்து மடங்கு.

பரப்பு பெரிதாகும்போது ஒரு சிறு ஆறுதல் உண்டு. ஒரு வீச்சின் உச்சம் பெரிய பலகை முழுவதையும் ஒரே நொடியில் அடிப்பதில்லை. ஸ்காட்லாந்தில் ஃபோர்த் ரயில் பாலம் கட்டியபோது 300 சதுர அடிப் பலகையையும் ஒன்றரைச் சதுர அடிப் பலகையையும் காற்றில் நிறுத்தி ஒப்பிட்டார்கள். சதுர அடிக்குப் பெரியது காட்டியது குறைவு. இந்திய விதியிலும் 100 சதுர மீட்டருக்கு மேல் 0.8 என்று தள்ளுபடி இருக்கிறது. பத்துச் சதுர மீட்டர் வரை எதுவும் கிடையாது. கடைப் பலகைக்கும் பேனலுக்கும் முழு விசைதான்.

சோலார் பேனலின் கதை வேறு. தாராசுரம் வடக்கு 11 பாகையில் இருப்பதால், பேனல் தெற்கே பார்த்துப் பத்துப் பாகை அளவுக்குச் சாய்க்கப்படுகிறது. வடக்கு விளிம்பு உயர்ந்தும் தெற்கு விளிம்பு தாழ்ந்தும் நிற்கும். தெற்கிலிருந்து வரும் தென்றல் அதை மேலிருந்து அழுத்தும். அதனால் கேடு எதுவும் இல்லை. வடக்கிலிருந்து வீசினால் காற்று அடியில் புகுந்து தூக்கும். வங்கக் கடல் புயலின் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கிழக்கிலிருந்து அது நெருங்கும்போது கரைக்கு முதலில் வந்து சேர்வது வடக்கு, வடகிழக்குக் காற்று, அதாவது வாடை. வெயிலுக்காகத் தேர்ந்தெடுத்த திசை, காற்றுக்கு மிக மோசமான திசையாக அமைந்துவிடுகிறது.

550 வாட் பேனல் ஒன்றின் பரப்பு சுமார் 2.6 சதுர மீட்டர், எடை 29 கிலோ. இவ்வளவு சாய்ந்து இருபுறமும் திறந்திருக்கும் தட்டுக்கு மேல்நோக்கிய குணகம் ஏறக்குறைய 1. அதே 1,098 நியூட்டனை வைத்தால் தூக்கும் விசை 290 கிலோ. பேனலின் எடையைப் போலப் பத்து மடங்கு. மூன்று கிலோவாட்டுக்கான ஆறு பேனல்களுக்கு 1,740 கிலோ. பேனல்களின் எடை 174 கிலோவைக் கழித்தால் மிச்சம் 1,566.

மாடித் தளத்தில் துளை போட்டால் மழைக்கு ஒழுகும் என்று பலர் போல்ட் வேண்டாம் என்கிறார்கள். சட்டத்தின் கால்களில் காங்கிரீட் கட்டிகளை ஏற்றிவைப்பதே அதற்கு மாற்று. ஒன்றரை மடங்கு பாதுகாப்புக்குத் தேவைப்படும் எடை 2,350 கிலோ. கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் காங்கிரீட். ஆறு பேனலின் பரப்பில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஆட்கள் நடமாடும் மாடிக்கு ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி ஒதுக்கும் கூடுதல் பாரமும் அதே 150 கிலோ. காற்றுக்குப் பயந்து ஏற்றும் எடையே மாடியின் இருப்பு முழுவதையும் தின்றுவிடும். பிறகு அங்கே வடாம் காயப்போடக்கூட ஆள் ஏறக் கூடாது. ஆகவே கால்களை உத்தரத்தின் மேல் நிறுத்தி, காங்கிரீட்டுக்குள் ஆழமாக இறங்கும் போல்ட்டால் பிணைத்து, துளையைச் சுற்றி ஒழுகாமல் பூசுவதே வழி. பேனலைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளாம்ப் நான்கு என்றால் ஒவ்வொன்றின் மீதும் 65 கிலோ இழுப்பு. கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் மாடியின் மூலைகளிலும் காற்று சுழன்று எழுவதால் இழுப்பு இதைவிடக் கூடும். அங்கே இருக்கும் பேனலை உள்ளே தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளாம்ப்பை ஆறாக்க வேண்டும்.