பம்புசெட் ஓடும்போது கரண்ட் 'கட்' ஆவது ஏன்?

தஞ்சாவூர்:
குறுவை நடவு நேரத்தில் கரண்ட் போனால் டெல்டா விவசாயிகளுக்கு வயிற்றில் புளியை கரைக்கும். கம்பி அறுவது மட்டுமே காரணம் அல்ல.

நெல் மூட்டை போல மின்சாரத்தை குடோனில் அடுக்க முடியாது. செலவாவதை அந்த நொடியே உற்பத்தி செய்யணும். ஜெனரேட்டர்கள் ஒரே தாளத்தில், 50 ஹெர்ட்சில் சுற்றணும். மோட்டார்கள் மொத்தமாக ஓடினால் அந்த வேகம் குறையும். உடனே 'கவர்னர்' கருவி, அனல் மின்நிலையத்தில் நீராவியையும், திருமாக்கோட்டை போன்ற கியாஸ் மின்நிலையத்தில் கியாசையும் கூடுதலாக திறந்துவிடும்.

அப்படியும் சரிந்தால், ரிலே தானாகவே சில பீடர்களை வெட்டிவிடும். இல்லாவிட்டால் மாநிலமே இருளும். 2012 ஜூலை 30, 31-ல் வடமாநிலங்கள் இருண்டன. தனி தொகுப்பில் இருந்த தமிழகம் தப்பியது. 2013 டிசம்பர் 31 முதல் நாமும் ஒரே தொகுப்பில்தான்.

கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரேயடியாக ஓடினால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. ஆட்டோ ஸ்டார்ட்டரை நிறுத்திவிட்டு, சில நிமிடம் பொறுத்து போடுவதே நல்லது.