ஒரே பாத்திரத்தில் மாட்டிறைச்சி மக்ரோனி

பிழைப்பின் பொருட்டுப் பெங்களூரில் குடியேறிய நம் குடும்பங்களில், கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. அந்தி சாய்ந்து இல்லம் திரும்பியபின் சோறு தனி, குழம்பு தனி எனச் சமைக்க நேரம் ஏது? ஒரே பாத்திரத்தில் முடியும் மாட்டிறைச்சி மக்ரோனி அவர்களுக்குப் பெருந்துணையாகும்.

எனினும், இறைச்சி வேகவில்லை என்னும் குறை பல வீடுகளில் உண்டு. காரணம் இரண்டு. 2021இல் நடைமுறைக்கு வந்த கர்நாடகச் சட்டப்படி, மாட்டினத்தில் 13 வயது கடந்த எருமையை மட்டுமே இறைச்சிக்காக வெட்டலாம். முதிர்ந்த விலங்கின் தசை கடினமானது. மேலும், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் நீர் சுமார் 97 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையில் போதுமான நேரம் இங்கே போதாது. குக்கரிலோ வெப்பம் 120 பாகையை நெருங்கும்.

ஆதலின், குக்கரில் எண்ணெய் விட்டு, வெங்காயம் 2, தக்காளி 4, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மல்லித்தூள் ஆகியவற்றை வதக்குக. சிறு துண்டுகளாக நறுக்கிய அரை கிலோ இறைச்சியும் உப்பும் சேர்த்து, 4 தம்ளர் நீர் ஊற்றி மூடுக. முதல் விசில் வந்தபின் தீயைக் குறைத்து 40 நிமிடம் வைத்திடுக. ஆவி முற்றும் அடங்கியபின் திறந்து, கால் கிலோ மக்ரோனியை அச்சாற்றிலேயே இட்டு, மூடாமல் 12 நிமிடம் அவ்வப்போது கிளறி வேகவிடுக. தொடக்கத்திலேயே மக்ரோனியை இடலாகாது, களியாகிவிடும்.

குழந்தைகளும் முதியோரும் பல் வருந்தாமல், ஐவர் ஒருங்கே அமர்ந்து வயிறார உண்ணலாம். கழுவ வேண்டிய பாத்திரமும் ஒன்றே.